காலமானவருக்கு நிலவேம்பு

ஒரு காட்டில் ஒரு மருத்துவமனை இருந்தது. காட்டில் எதற்கு மருத்துவமனை என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். புலி ராஜாவாக இருக்கலாம், அணில் பேசலாம், மருத்துவமனை மட்டும் இருக்கக் கூடாதா?

ஓடைக்கு இந்தக் கரையில் ஒரு நாவல் மரம். அதன் கிளையில் டாக்டர் திலகவதி உட்கார்ந்திருக்கும். அது ஒரு கருமந்தி. ஓடைக்கு அந்தக் கரையில் ஒரு மரப்பொந்து. அதில் மருந்துக்கடை வைத்திருந்தது சோணமுத்து என்ற மலையணில். டாக்டர் நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, நோயைக் கண்டுபிடித்ததும் கிளையில் ஏறி நின்று அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்தும்.

"சோணமுத்து! வர்றது கரடி! மூலம்! துத்திக்கீரை!"

கரடி ஓடையைத் தாண்டிப் போவதற்குள் துத்திக்கீரை கட்டித் தயாராக இருக்கும். மருந்து மாறிப்போனதாக ஒருநாளும் புகார் வந்ததில்லை. ஒரே ஒரு குறைதான். கரடிக்கு மூலம் என்பது காடு முழுக்கத் தெரிந்துவிடும். கரடி போகிற வழியெல்லாம் முயல்கள் அக்கறையாக விசாரிக்கும். அந்த அக்கறைக்கு மூலமே தேவலாம் என்று கரடி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் புலி ராஜா வைத்தியத்துக்கு வந்தது. டாக்டர் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டது. பிறகு பழக்க தோஷத்தில் கிளையில் ஏறிவிட்டது.

"சோணமுத்து! வர்றது ராஜா! வாயு! சுக்கும் ஓமமும்!"

ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செந்நாய்க் கூட்டம் சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி, இருமி, கடைசியில் சிரித்தேவிட்டது. ராஜா சுக்கை வாங்கிக்கொண்டு குகைக்குப் போனது. போனதும் ஓர் உத்தரவு போட்டது.

"இனிமேல் என் வயிறு என் வயிறாகவே இருக்க வேண்டும்."

இதற்கு என்ன செய்வது என்று மந்திரிகளுக்குப் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் காட்டுக் குளத்தில் வரித்தலை வாத்து வந்து இறங்கியது. அது வருடா வருடம் பனிக்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை. அவ்வளவு உயரத்தில் பறந்தவர் எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று காட்டில் எல்லோரும் நம்பினார்கள். வாத்தும் அப்படியே நம்பியது.

"டாக்டர், மருந்துக்கடை, நோயாளி. மூவரையும் ஒரே சிஸ்டத்தில் இணைத்துவிடலாம் மன்னா," என்றது வாத்து. "டாக்டர் இங்கே ஒரு பலகையைத் தொட்டால் அங்கே மருந்து அலமாரி திறக்கும். நடுவில் சத்தமே கிடையாது."

"விஷயம் யாருக்கும் தெரியாதே?" என்று கேட்டது புலி.

"என் சிஸ்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது மன்னா."

ராஜாவுக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று.

வாத்து வேலையில் இறங்கியது. டாக்டரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. தொண்டை கட்டிக்கொள்கிறது, கத்தாமல் இருந்தால் போதும் என்றது டாக்டர். சோணமுத்துவிடம் கேட்டது. குரங்குக் குட்டிகள் நெல்லிக்காய் லேகியத்தைத் திருடித் தின்கின்றன, அலமாரிக்கு நல்ல பூட்டு வேண்டும் என்றது சோணமுத்து. வாத்து இரண்டையும் குறித்துக்கொண்டது.

"நோயாளிகளைக் கேட்கவில்லையா?" என்றது டாக்டர்.

"உடம்பு சரியில்லாதவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது," என்றது வாத்து. அதற்குப் பண்பு அதிகம்.

சிஸ்டத்துக்கு ஏற்றபடி காட்டில் இருந்த மருந்தெல்லாம் அலமாரிக்கு வந்து சேர வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டது. சேர்த்துப் பதுக்குவது என்றால் அணிலுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நிலவேம்பு, துத்தி, ஆடாதோடை என்று கண்ணில் பட்டதை எல்லாம் வேரோடு பிடுங்கி உள்ளே அடைத்துவிட்டது. அலமாரிக்குப் பூட்டு வந்தது. சிஸ்டம் சொன்னால் மட்டும் திறக்கிற பூட்டு. அதை உடைப்பவர் ராஜாவின் மதிய உணவு என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள்.

அடுத்து, வந்திருப்பது யார் என்று சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தது. வாத்து ரேகை பதிக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. யானை காலை வைத்ததும் கருவி தட்டையாகிவிட்டது. இன்னொன்று கொண்டுவந்தார்கள். சாரைப்பாம்பு எந்தப் பகுதியை வைப்பது என்று தெரியாமல் அதன் மேல் முழுசாகப் படுத்துத் தூங்கிவிட்டது. வாத்துக்குப் பொறுமை போயிற்று.

"போன் நம்பரை வைத்துக்கொள்வோம். இந்தக் காலத்தில் போன் இல்லாதவர் யார்?"

"நாங்கதான்," என்றது சோணமுத்து.

வாத்து அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தது.

உண்மையில் காட்டில் ஒரே ஒரு போன் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் ஜீப்பிலிருந்து தவறவிட்டது. அதைக் கண்டெடுத்த மந்தையப்பன் என்ற காட்டெருமை, ஒரு கொடியில் கட்டிக் கொம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. காட்டிலாகாக்காரர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருந்த சோலார் பலகையில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். மந்தையப்பனுக்கு எண்கள் படிக்கத் தெரியும். முடியாது என்று சொல்லத்தான் தெரியாது. யார் எது கேட்டாலும் தலையை ஆட்டிவிடும். அவ்வளவு பெரிய தலையை ஆட்டினால் யாருக்குத்தான் தெரியாமல் போகும்?

முதலில் வந்தது ராக்கு. அது ஒரு கடமான், வயிற்றில் குட்டி.

"அண்ணே, ஆஸ்பத்திரியில போன் நம்பர் கேக்குறாக. உங்களதைக் குடுத்துக்கிறேண்ணே."

"குடும்மா. நம்பர் என்ன தேஞ்சா போயிரும்?"

ராக்கு கொடுத்ததைப் பார்த்துக் கரடி கொடுத்தது. அடுத்து மயில், சாரைப்பாம்பு, அடைகாக்கிற காட்டுக்கோழி என்று எல்லோரும் கொடுத்தார்கள். நாம் சிலிண்டருக்கு மாமா நம்பரையும் ரேஷனுக்கு எதிர்வீட்டு நம்பரையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, அந்த மாதிரிதான். இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது, தொடரவா என்று சிஸ்டம் ஒவ்வொரு தடவையும் கேட்டது. சோணமுத்து ஒவ்வொரு தடவையும் தொடர்க என்று அமுக்கியது. கடைசியில் புலி ராஜாவே ஆள் அனுப்பியது. சொந்தமாக ஒரு நம்பர் இருந்தால் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அந்த எருமையின் நம்பரையே போடு என்று ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தது.

வாத்தின் சிஸ்டத்துக்கு ஒரு நம்பர் என்றால் ஓர் ஆள். ஆக, காட்டில் இருந்த நோயாளிகள் எல்லோரும் அதன் கணக்கில் மந்தையப்பன்தான். இது மந்தையப்பனுக்குத் தெரியாது. டாக்டருக்கும் அப்போது தெரியாது.

மந்தையப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓ.டி.பி. மட்டும்தான். யார் வைத்தியத்துக்கு வந்தாலும் ரகசிய எண் மந்தையப்பனின் போனுக்கு வரும். அது வாசித்துச் சொன்னால்தான் டாக்டர் பலகையில் மருந்து போட முடியும். ஆகவே விடிந்ததும் மந்தையப்பன் நாவல் மரத்தடிக்கு வந்து நிற்கும். கரடி தும்மும், மந்தையப்பன் எண் சொல்லும். மயில் இருமும், மந்தையப்பன் எண் சொல்லும். சிலர் அதன் முகத்துக்கு நேராகவே இருமிவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

அதன் மனைவி ஒச்சம்மாளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஊரு சனத்துக்கெல்லாம் நம்பர் சொல்லிக்கிட்டு இங்கனயே நின்னா எப்பங்க மேயப் போறது? எலும்பு தெரியுது உங்களுக்கு."

"பாவம், நோயாளிக ஒச்சம்மா. நாம இல்லாட்டி அதுக என்ன செய்யும்?"

"நீங்க நோயாளியானா யாரு வந்து நம்பர் சொல்லுவா?"

"நானே சொல்லிக்குவேன்," என்றது மந்தையப்பன்.

பொதுவாக நீதிக்கதைகளில் இப்படி ஒரு நல்ல மனசுக்காரர் வந்தால் அவருக்குக் கடைசியில் தங்கம் கிடைக்கும், அல்லது தேவதை வரும். மந்தையப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. அத்தனை பேரும் முகத்தில் இருமினால் வேறென்ன வரும்?

முதலில் அது புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. கால்கள் மடங்க ஆரம்பித்ததும் ஒச்சம்மாள் பயந்துபோயிற்று. போன மழைக்காலத்தில் ஒச்சம்மாளின் தம்பி இதே மாதிரிக் காய்ச்சலில்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கும் முதலில் புல்லைத்தான் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒச்சம்மாள் புருஷனைத் தோளால் முட்டுக்கொடுத்து நடத்தி, வழியெல்லாம் திட்டி, வழியெல்லாம் அழுது, நாவல் மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

டாக்டர் கீழே இறங்கி நெற்றியில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டது.

"அடேயப்பா, கொதிக்குது! பயப்படாதே ஒச்சம்மா. நிலவேம்புக் கஷாயம் குடிச்சா எந்திரிச்சிருவார். ஆனா இன்னைக்கே குடுக்கணும். நாளைக்குன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

டாக்டர் பலகையைத் தொட்டது. மந்தையப்பன் ஓ.டி.பி. சொன்னது. நிலவேம்பு என்று டாக்டர் போட்டதும் பலகை சிவப்பாகிக் கத்தியது.

"எச்சரிக்கை. மந்தையப்பன் கர்ப்பமாக இருக்கிறார். கர்ப்பிணிக்கு நிலவேம்பு கூடாது."

எல்லோரும் மந்தையப்பனின் வயிற்றைப் பார்த்தார்கள். மந்தையப்பனும் பார்த்தது.

"ஏங்க, என்னங்க இது?" என்றது ஒச்சம்மாள்.

"நானே இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றது மந்தையப்பன்.

டாக்டர் பலகையில் கீழே கீழே தள்ளி மற்றதையும் படித்தது. படிக்கப் படிக்க அதன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. மந்தையப்பனுக்கு மூலம். வலது இறக்கையில் முறிவு. தோலுரிக்கிற பருவம் என்பதால் சொரசொரப்பான இடத்தில் படுக்க வேண்டும். முட்டைகளை அடைகாப்பதால் எழுந்து நடமாடக் கூடாது. தீராத வாயு. உணவு, பச்சை இறைச்சி. புல் ஒத்துக்கொள்ளாது.

அப்போதுதான் டாக்டருக்கு நடந்தது புரிந்தது. காடு முழுக்க இருந்த நோயை எல்லாம் இந்த ஒரு தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று அது தன் தலையிலேயே அடித்துக்கொண்டது.

"எனக்குத் தெரியுது ஒச்சம்மா. இது வெறும் காய்ச்சல்தான்னு என் கைக்குத் தெரியுது. ஆனா அலமாரி இப்ப என் பேச்சைக் கேக்காதே."

பழைய பழக்கத்தில் கிளையில் ஏறிக் கத்தியும் பார்த்தது.

"சோணமுத்து! மந்தையப்பன்! காய்ச்சல்! நிலவேம்பு!"

"கேக்குது டாக்டரம்மா! ஆனா பூட்டியிருக்கு டாக்டரம்மா!" என்று அந்தக் கரையிலிருந்து பதில் வந்தது.

ஒச்சம்மாள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஓடையில் இறங்கியது, பூட்டை உடைக்கத்தான். டாக்டர் தாவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "நீ உடைச்சா அவரு பொழைப்பாரு, உன்னை ராசா தின்னுரும். அப்புறம் அவரு எதுக்குப் பொழைக்கணும்?" என்றது. ஒச்சம்மாள் தண்ணீரிலேயே நின்றது.

டாக்டர் ஓட்டமாகக் குளத்துக்குப் போய் வாத்தைப் பிடித்தது. பனிக்காலம் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்துவிட்டதால் வாத்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னதை எல்லாம் அது இறக்கையைக் கோதியபடியே கேட்டது.

"சிஸ்டத்தில் பிழை எதுவும் இல்லையே. நோயாளிதான் சரியில்லை."

"சரியில்லாததாலதானே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காரு!" என்றது டாக்டர். "அந்தக் கர்ப்பத்தை மட்டும் எடுத்துவிடுங்க."

"அதெப்படி? கர்ப்பம் முன்னால்தான் போகும், பின்னால் போகாது. பிரசவம் ஆகட்டும், தானாகப் போய்விடும். மீதியை அடுத்த பனிக்காலத்தில் வந்து பேசிக்கொள்வோம்."

சொல்லிவிட்டு வாத்து பறந்துவிட்டது. டாக்டர் அண்ணாந்து பார்த்து, மருத்துவர்கள் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னது. பிறகு வந்த வழியே ஓடியது.

"சரி, பிரசவம் ஆயிருச்சுன்னு போடறேன்," என்று அது பலகையைத் தொட்டது. மந்தையப்பன் முனகிக்கொண்டே ஓ.டி.பி. சொன்னது.

பலகை பச்சையாகி, பூக்கள் பறந்தன. "வாழ்த்துகள் மந்தையப்பன்! தாயும் சேயும் நலமா?"

"நலம், நலம்," என்றது டாக்டர்.

"தாய் பாலூட்டுகிறார். பாலூட்டும் தாய்க்கு நிலவேம்பு கூடாது."

டாக்டர் பலகையை ஓடையில் எறியப் போய் அடக்கிக்கொண்டது. இதற்கிடையில் ராக்கு நிஜமாகவே வலி கண்டு, சிஸ்டத்தோடு இணைத்திருந்த பிரசவக் குகைக்கு வந்திருந்தது. உங்களுக்குப் பிரசவம் சற்றுமுன் முடிந்துவிட்டது, வீட்டில் ஓய்வெடுக்கவும் என்று சொல்லிக் குகைக் கதவு திறக்க மறுத்துவிட்டது. ராக்கு ஒரு புதருக்குப் பின்னால் போய் யார் உதவியும் இல்லாமல் அழகான பெண்குட்டி ஒன்றைப் பெற்றது. அந்தக் குட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் சாய ஆரம்பித்தது. மந்தையப்பன் மூச்சு விடும்போது கர்ரென்று சத்தம் வந்தது. ஒச்சம்மாள் அதன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தது. தம்பியின் மூச்சு இப்படித்தான் இழுத்தது என்று அதற்கு ஞாபகம் வந்துவிட்டது. திடீரென்று நக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்கியது.

"டாக்டரம்மா, செத்துப்போனவுகளுக்கு இது என்ன கேள்வி கேக்கும்?"

டாக்டர் யோசித்தது. "தெரியலையே. செத்தப்புறம் யாரும் மருந்து கேட்டு வந்ததில்ல."

"அப்ப எம்புருசனைச் சாகடிச்சிருங்க."

சொல்லிவிட்டு ஒச்சம்மாள் ஓவென்று அழுதது. பொய்க்குத்தான் என்றாலும் அந்த வார்த்தையைச் சொன்ன வாய் அதன் வாய்தானே. பிறகு மந்தையப்பனின் காதருகே குனிந்தது.

"ஏங்க, கொஞ்ச நேரம் செத்துருங்க. நான் இங்கனயேதான் இருப்பேன்."

மந்தையப்பன் தலையை ஆட்டியது. அதற்குத்தான் முடியாது என்று சொல்லத் தெரியாதே.

டாக்டர் பலகையில் காலமானார் என்ற இடத்தைத் தேடிப் பிடித்துத் தொட்டது. காரணம் என்ன என்று பலகை கேட்டது.

"காய்ச்சல்னு போட்டா ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு. முதுமைன்னு போடறேன்."

"அவருக்கு அப்படி என்ன வயசாயிருச்சு?" என்று ஒச்சம்மாள் அழுகைக்கு நடுவிலும் கோபித்துக்கொண்டது.

பலகை அடுத்ததைக் கேட்டது. "மரணத்தை உறுதிப்படுத்த, காலமானவர் தன் போனுக்கு வந்திருக்கும் ஓ.டி.பி.யைச் சொல்லவும்."

கொம்பில் போன் அதிர்ந்தது. ஒச்சம்மாளுக்கு எண் படிக்கத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும், ஆனால் பலகையின் பெரிய எழுத்தை வாசித்தே பழகிய கண், அந்தச் சின்னத் திரையில் அதற்கு எல்லாம் ஒரே புகையாகத் தெரிந்தது. மந்தையப்பன்தான் படிக்க வேண்டும். ஒச்சம்மாள் போனைப் பல்லில் கவ்வி அதன் கண்ணுக்கு நேரே பிடித்தது.

"ஏழு..." என்றது மந்தையப்பன். "ரெண்டு... ரெண்டு..." பிறகு கண் சொருகிவிட்டது.

நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் முயலவும் என்றது பலகை. டாக்டர் மறுபடி அமுக்கியது. போன் மறுபடி அதிர்ந்தது. இந்தச் சமயத்தில் மந்தையப்பன் நிஜமாகவே செத்துவிட்டால் அது செத்ததாகப் பதிவு செய்யவே முடியாது. அந்தக் கவலை டாக்டருக்கு. ஒச்சம்மாளுக்கு அந்தச் சிஸ்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், புருஷன் கண்ணைத் திறந்தால் போதும் என்று இருந்தது. அது தன் கொம்பால் மந்தையப்பனின் விலாவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தியது.

"முழிச்சுச் சாகுங்க!"

மந்தையப்பன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, போனைப் பார்த்து, எண்ணைக் கடகடவென்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பலகை சற்று நேரம் சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு கறுப்பாயிற்று.

"ஆழ்ந்த இரங்கல். மந்தையப்பன் இன்று நம்மோடு இல்லை. அவருக்கு வேறு ஏதேனும் உதவி தேவையா?"

டாக்டர் நிலவேம்பு என்று போட்டது. கர்ப்பம் என்று சிஸ்டம் சொல்லவில்லை. இறக்கை, முட்டை, வாயு, எதையும் சொல்லவில்லை. செத்தவர் மருந்து கேட்டு வருவார் என்று இமயமலைக்கு மேலே பறந்த வாத்துக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஓடைக்கு அந்தக் கரையில் அலமாரி படாரென்று திறந்தது. சோணமுத்து நிலவேம்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவி வந்தது.

காலமானவர் கஷாயத்தை முகம் சுளித்தபடி குடித்தார். உடம்பு வியர்த்தது. மறுநாள் காலை ஒச்சம்மாள் கண் விழித்தபோது பக்கத்தில் புல் மெல்லுகிற சத்தம் கேட்டது. ஒச்சம்மாள் வாழ்க்கையில் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் அதற்கு மிகவும் பிடித்தது.

ஆனால் ஒரு நம்பருக்கு ஓர் ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது. மந்தையப்பன் செத்ததும் அந்த நம்பரில் இருந்த எல்லோரும் செத்துப்போனார்கள். கரடி வந்தது. தாங்கள் காலமாகிவிட்டீர்கள், துத்திக்கீரையை எடுத்துக்கொள்ளலாம் என்றது சிஸ்டம். மயில் வந்தது. அதற்கும் கேள்வி இல்லாமல் இறக்கைக் கட்டு கிடைத்தது. ஓ.டி.பி.கூட யாரிடமும் கேட்கவில்லை. செத்தவர் போலி ஆளா என்று யார் சோதிக்கப் போகிறார்கள்?

அன்று மத்தியானம் புலி ராஜா சுக்கு வாங்க நேரில் வந்தது. சோணமுத்து அலமாரிக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டது.

"ராசா, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க காலமாயிட்டீக."

புலி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"எதனால் இறந்தேன்?"

"முதுமைன்னு போட்டிருக்கு ராசா."

"வேறு ஏதாவது போட்டிருக்கிறதா?"

"ஒண்ணுமே இல்ல ராசா. பழைய நோயெல்லாம் அழிஞ்சு போச்சு. வாயுங்கிற வார்த்தையே உங்க கணக்குல இல்ல."

ராஜாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "செத்த பிறகுதான் என் வயிறு என் வயிறாக இருக்கிறது," என்றது. சுக்கை வாங்கிக்கொண்டு, அங்கேயே புதிய உத்தரவையும் போட்டது. இனி இந்தக் காட்டில் யாராக இருந்தாலும் இறந்த பிறகே வைத்தியம்.

அடுத்த பனிக்காலத்தில் வாத்து வந்தது. ஓடைக்கரையில் காலமானவர்கள் வரிசையாக நின்று, யார் முந்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்து பலகையைப் பார்த்தது. இன்றைய நோயாளிகள் என்ற இடத்தில் யாருமே இல்லை.

"அற்புதம்! நோயாளிகள் என்ற பிரச்சினையே தீர்ந்துவிட்டது," என்று அது இறக்கையை அடித்துக்கொண்டது. பிற்பாடு வடக்கே ஏதோ ஓர் ஏரியில் நடந்த வாத்துகள் மாநாட்டில் அதற்குப் பொன்னாடை போர்த்தினார்களாம். கிளம்பும் முன்னால் அந்தச் சந்தோஷத்தில் சிஸ்டத்தில் ஒரு முன்னேற்றமும் செய்தது. புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குத் தனி எண் கொடுத்தது. போன் மட்டும் வழக்கம்போல மந்தையப்பனுடையதுதான்.

ராக்குவின் குட்டிக்கு அப்படித்தான் ஓர் எண் கிடைத்தது. சிஸ்டம் கணக்கில் அந்தக் காட்டிலேயே உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். ஒருநாள் அதற்குச் சளி பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுக, கண் கலங்க நின்ற குட்டியை ராக்கு நாவல் மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது. உயிரோடு இருக்கிற குட்டிக்கு ஆடாதோடை தர, பிறப்புச் சான்று, தாயின் சம்மதம், தாய் காலமானதால் காப்பாளரின் சம்மதம் என்று சிஸ்டம் அடுக்கிக்கொண்டே போனது. குட்டி இருமி இருமித் துவண்டு விழுந்தது. ராக்கு குறுக்கே புகுந்தது.

"அதெல்லாம் அப்புறம் டாக்டரம்மா, மொதல்ல இவளைச் சாகடிங்க! சளி நெஞ்சுக்கு ஏறிக்கிட்டே போகுது!"

டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் பலகையைத் தொட்டது. காரணம் என்ற இடத்தில் கை தானாகவே முதுமை என்று போட்டது.

"அம்மா, வலிக்குமா?" என்றது குட்டி.

"வலிக்காதுடா தங்கம். மாமா நம்பர் சொல்லுவாரு, அம்புட்டுத்தான்."

வரிசையில் நின்ற காலமானவர்கள் எல்லோரும் குட்டிக்காக விலகி வழிவிட்டார்கள். மந்தையப்பனின் கொம்பில் போன் அதிர்ந்தது. அது தலையை ஆட்டிவிட்டு, எண்ணை நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

நீதி: உடம்புக்கு முடியாமல் போனால் தாமதிக்காமல் இறந்துவிடவும். போனை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கவும்.